பூனை கடித்தாலும் சொல்லுங்கள், பிள்ளைகளே



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். நேரமில்லாதவர்கள் கடைசிப் பகுதியை மட்டுமாவது வாசித்துவிட்டு வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

எங்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்கள் நாங்கள் இரண்டு பேர். ஒரே ஆய்வுகூடம், ஒரே அலுமாரி, ஒரே நுணுக்குக்காட்டி. அதனால் இதை "நாங்கள்" என்றே எழுதுகிறோம். நடந்ததில் இருவருக்கும் பங்கு இருக்கிறது. தவறிலும் இருக்கிறது.

சென்ற தவணை, தரம் 10 வகுப்பு. லுஹருக்கு முந்திய பாடவேளை. பலகையில் துப்பாக்கி ரவை மாதிரி ஒரு படம் வரைந்து, "இதுதான் விசர்நாய்க்கடி வைரசு" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். கடைசி வாங்கிலிருந்து ஒரு பெண்பிள்ளை எழும்பினாள். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை.

"டீச்சர், பூனை கடிச்சாலும் வருமா?"

வகுப்பே சிரித்தது. "பூனைக்கு எங்க விசர் வாற?" என்று ஒரு பையன் கத்தினான். நாங்களும் கொஞ்சம் சிரித்துவிட்டோம். "வரலாம் மகள், ஆனா கூடுதலா நாயாலதான் வாற" என்று சொல்லிவிட்டு அடுத்த வரியை எழுதப் போய்விட்டோம். மணி அடித்தது.

இடைவேளையில் அந்தப் பிள்ளை ஆய்வுகூடக் கதவடியில் வந்து நின்றாள். வலது கை ஆட்காட்டி விரலில் அழுக்கேறிய பிளாஸ்டர். அந்தப் பிளாஸ்டரை ஒரு கிழமையாக நாங்கள் கண்டிருக்கிறோம். என்ன என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

"டீச்சர், அந்தக் குட்டி செத்துப் போயித்து."

மெதுமெதுவாக விசயம் வந்தது. ஒன்பது நாளைக்கு முதல், வீட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கிய இடத்தில் ஒரு பூனைக்குட்டி கிடந்திருக்கிறது. வாயிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்ததாம். தொண்டையில் மீன் முள் சிக்கிவிட்டது என்று நினைத்து, அதை எடுத்துவிட வாய்க்குள் விரலை விட்டிருக்கிறாள். குட்டி கடித்துவிட்டது. இரண்டு நாளில் அது செத்துப்போக, தம்பியும் இவளும் முருங்கை மரத்தடியில் தாட்டுவிட்டார்கள். உம்மா "கண்ட பூனையத் தொட்டதுக்கு" ஏசியிருக்கிறார். உம்மம்மா மஞ்சளும் தேங்காயெண்ணெயும் பூசியிருக்கிறார். அத்தோடு முடிந்தது. பூனைதானே.

முள் எடுக்கப் போன பிள்ளை. ஒரு இரக்கத்தில் செய்தது.

அதிபரிடம் சொல்லி, உம்மாவை அழைத்து, திரீவீல் பிடித்து வைத்தியசாலைக்குப் போனோம். வழியில் உம்மா ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு வந்தார். "பூனை சுத்தமான மிருகம்தானே டீச்சர்? வீட்டுக்குள்ள வாற, முசல்லாவுல படுக்கிற மிருகம்தானே?"

வைத்தியர் எல்லாவற்றையும் கேட்டார். குட்டியின் உடலைப் பரிசோதனைக்கு அனுப்ப முடியுமா என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கேட்டார்கள். மண்ணுக்குள் போய் ஏழு நாள். இனிப் பார்த்துப் பலனில்லை. "அதுக்கு நோய் இருந்ததா இல்லையா என்று இனித் தெரியாது. இருந்தது என்று நினைத்தே நாங்கள் மருந்து கொடுப்போம்" என்றார் வைத்தியர். காயத்தைச் சுற்றி ஒரு மருந்து, கையில் தடுப்பூசி. பிள்ளை அழவில்லை. உம்மாதான் அழுதார்.

அன்றிரவு இஷாவுக்குப் பிறகு உம்மாவின் கோல் வந்தது. "டீச்சர், ஒன்பது நாள் போயித்து. அது இருந்திச்செண்டா, இப்ப எங்க நிக்கிது?"

போனில் எங்களால் சொல்ல முடிந்தது, "பயப்படாதீங்க, நேரத்தோட போயிட்டம்" என்பது மட்டும்தான். அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்லவில்லை என்பது எங்களை உறுத்திக்கொண்டே இருந்தது. இந்தப் பதிவு அந்த உம்மாவுக்கான பதில். எல்லா உம்மாமாருக்கும்தான்.

*

முதலில், அது எவ்வளவு சிறியது என்று பார்ப்போம். இந்த வைரசின் நீளம் சுமார் 180 நனோமீற்றர். ஒரு மில்லிமீற்றருக்குள் ஐயாயிரத்துக்கு மேற்பட்டவற்றை நீளவாக்கில் அடுக்கி வைக்கலாம். அதற்குள்ளே இருப்பது ஒரு ஆர்.என்.ஏ நூல். அதில் சுமார் 12,000 எழுத்துகள். மனிதனின் மரபு நூலின் ஒரு தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள். அந்த 12,000 எழுத்தில் ஐந்தே ஐந்து புரதங்களுக்கான குறிப்புத்தான் இருக்கிறது. இந்த ஐந்தைக் கொண்டுதான் அது ஒரு முழு மனிதனை வீழ்த்துகிறது.

வைரசுக்குச் சொந்தமாக அடுப்பில்லை, பாத்திரமில்லை, அரிசியில்லை. கையில் ஒரு சமையல் குறிப்பு மட்டும் இருக்கிறது. யாருடைய குசினிக்குள்ளாவது புகுந்து, அவர்களுடைய அடுப்பில், அவர்களுடைய சாமானில், தன்னுடைய சாப்பாட்டை ஆக்க வேண்டும். அந்தக் குசினிதான் நம்முடைய கலம்.

மிருகத்தின் உமிழ்நீரோடு அது காயத்துக்குள் வருகிறது. அங்கே இருப்பது தசை. சில வேளை தசையிலேயே நாட்கணக்கில், வாரக்கணக்கில் தங்கியிருக்கும். சில வேளை நேராக ஒரு நரம்பின் நுனியைப் பிடித்துக்கொள்ளும். வைரசின் மேற்தோலில் முள்ளு முள்ளாக நிற்கும் புரதம் ஒன்று உண்டு. அதை 'ஜி' என்பார்கள். நரம்பு நுனியில் நம் உடலின் சொந்தத் தேவைக்காக இருக்கும் கொளுக்கிகளில் அந்த முள் சரியாகப் பொருந்திவிடும். கலம், தனக்கு வேண்டிய சாமான்தான் வந்திருக்கிறது என்று நினைத்து, மென்சவ்வால் ஒரு பை கட்டி அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். கதவை உடைத்து அது வருவதில்லை. நாமே திறந்துவிடுகிறோம்.

ஆனால் நரம்புக்கலத்தின் உடல் விரல் நுனியில் இல்லை. விரலின் தசையை அசைக்கும் நரம்புக்கலத்தின் உடல் கழுத்துப் பக்கத்து முள்ளந்தண்டில் இருக்கிறது. அங்கிருந்து விரல் வரைக்கும் ஒரே கலத்தின் நீண்ட நார் ஓடி வருகிறது. அந்த நாருக்குள்ளே தண்டவாளம் மாதிரி நுண்குழாய்கள். அவற்றின் மேல் சாமான் இழுத்துக்கொண்டு போகும் மோட்டார்ப் புரதங்கள். நரம்பு நுனியில் கிடைக்கும் செய்திகளைக் கலத்தின் உடலுக்குக் கொண்டுபோக அல்லாஹ் வைத்த ஏற்பாடு அது. வைரசு அந்த வண்டியில் ஏறிக்கொள்கிறது. நாளுக்கு ஒன்றிரண்டு சென்ரிமீற்றரிலிருந்து பத்து சென்ரிமீற்றர் வரை அது நகரக்கூடும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

அதனால்தான் முகத்திலும் கழுத்திலும் கடித்தால் ஆபத்து அதிகம். மூளைக்குப் போகும் வழி குறுகியது. சின்னப் பிள்ளைகளுக்கு முகத்தில் கடிபடுவது அதிகம். அவர்களுடைய உயரமும் நாயின் வாயும் கிட்டத்தட்ட ஒரே மட்டம்தானே.

*

இனித்தான் இந்தப் பாடத்தின் மையம். கலத்தின் உடலுக்கு வந்து சேர்ந்த பிறகு என்ன நடக்கிறது?

வைரசைச் சுற்றியிருந்த பைக்குள் அமிலத்தன்மை கூடுகிறது. 'ஜி' முள் அதை உணர்ந்து உருவம் மாறுகிறது. வைரசின் கொழுப்புத் தோலும் பையின் தோலும் ஒட்டி ஒன்றாகிவிட, உள்ளே இருந்த நூல் குழியவுருவுக்குள் விழுகிறது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த நூலை நம் கலத்தால் வாசிக்க முடியாது. அலுவலகத்தில் வைத்திருக்கும் ரப்பர் முத்திரையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் முகத்தில் எழுத்துகள் எல்லாம் இடவலம் மாறித்தான் இருக்கும். மையில் தொட்டுக் கடதாசியில் குத்தினால்தான் வாசிக்க முடியும். இந்த வைரசின் ஆர்.என்.ஏ அப்படி ஒரு முத்திரை. புரதம் செய்யும் நம்முடைய றைபோசோம்கள் குத்திய கடதாசியை மட்டும்தான் வாசிக்கும். முத்திரையை வாசிக்காது.

முத்திரையைக் குத்தும் ஆள் நம் கலத்தில் இல்லை. அதனால் அந்த ஆளையும் வைரசு தன்னோடேயே கூட்டிக்கொண்டு வருகிறது. 'எல்' என்ற பெரிய புரதமும், அதற்குக் கைத்துணையாக 'பி' என்ற புரதமும். இரண்டும் சேர்ந்து நூலின் ஒரு முனையில் தொடங்கி, ஒவ்வொரு மரபணுவாக ஐந்து பிரதிகள் குத்துகின்றன. முதலாவது அதிகமாகவும், கடைசியாக வருவது மிகக் குறைவாகவும் குத்தப்படும். முதலாவது 'என்'. நூலைச் சுற்றிப் போர்த்துவது அதுதான், ஆயிரக்கணக்கில் வேண்டும். கடைசி 'எல்'. அது கொஞ்சம் இருந்தால் போதும். வரிசையை வைத்தே அளவைத் தீர்மானிக்கும் கணக்கு. இதை முதன்முதலில் புரிந்துகொண்டபோது நாங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

புரதம் போதுமான அளவு சேர்ந்ததும் வேலை மாறுகிறது. இப்போது 'எல்' துண்டு துண்டாகக் குத்தாமல், முழு நூலையும் ஒரே நீளமாகக் குத்துகிறது. அந்தக் கடதாசியைப் பார்த்துப் புது முத்திரை வெட்டுகிறது. ஒன்று பத்தாகிறது, பத்து நூறாகிறது. வெட்டி முடிய முடிய 'என்' ஒவ்வொரு நூலையும் சுற்றி மூடிவிடுகிறது. மூடாத ஆர்.என்.ஏ நம் கலத்தின் காவலாளிகள் கண்ணில் பட்டுவிடும் அல்லவா?

இந்த வேலை எல்லாம் கலத்துக்குள் எங்கே நடக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க நூறு வருடத்துக்கு மேல் எடுத்தது.

1903ஆம் ஆண்டு, இத்தாலியின் பாவியா நகரில் அடெல்கி நெக்ரி என்ற இளம் வைத்தியர், விசர் பிடித்துச் செத்த மிருகங்களின் மூளையைச் சாயமேற்றி நுணுக்குக்காட்டியில் பார்த்தார். நரம்புக்கலங்களுக்குள் உருண்டை உருண்டையாக ஏதோ தெரிந்தது. நோய்க்குக் காரணமான ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அவர் நினைத்தார். அதே 1903இல் இஸ்தான்புலில் றெம்லிங்கர் என்ற பிரெஞ்சு வைத்தியரும் ரிஃபத் பே என்ற துருக்கியரும் வேறொன்றைக் காட்டினார்கள். பக்ரீரியாவையே போகவிடாத வடிகட்டியில் வடித்த பிறகும் அந்தத் திரவம் நோயைத் தருகிறது. அப்படியென்றால் நோய்க்காரணி நுணுக்குக்காட்டிக்குத் தெரியாத அளவு சிறியது. நெக்ரி கண்டது அதுவாக இருக்க முடியாது.

இந்த இடத்தில் ஒரு விசயம் நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். பாரிசில் லூயி பாஸ்டர் இந்த நோய்க்கான தடுப்பூசியை ஒரு சிறுவனுக்கு முதன்முதலில் ஏற்றியது 1885 ஜூலையில். அடுத்த வருடமே உஸ்மானிய அரசு மூன்று பேரை அவரிடம் படித்துவர அனுப்பியது. அவர்கள் திரும்பி வந்ததும், 1887இல் இஸ்தான்புலில் விசர்நோய்க்கான சிகிச்சை நிலையம் ஒன்று தொடங்கியது. வைத்தியம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்ப் படித்து வந்தவர்களின் வழியில் வந்தவர்கள் நாம்.

நெக்ரி 1912இல், 35 வயதில், காசநோயால் இறந்துபோனார். அவர் கண்ட உருண்டைகளுக்கு "நெக்ரி உடல்கள்" என்று பெயர் நிலைத்தது. பல காலம் அவற்றை நோயை உறுதிப்படுத்தும் அடையாளமாக மட்டும் பார்த்தார்கள். வைரசின் குப்பை என்று நினைத்தவர்களும் உண்டு. 2009இல் பிரான்சில் ஆய்வாளர்கள் வைரசின் ஆர்.என்.ஏ செய்யப்படுவதே அந்த உருண்டைகளுக்குள்தான் என்று காட்டினார்கள். 2017இல் இன்னும் வியப்பானது ஒன்றைச் சொன்னார்கள். அந்த உருண்டைகளுக்குச் சுவரே இல்லை.

ஆணத்துக்கு மேலே மிதக்கிற எண்ணெய்த் துளிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றும் வட்டமாக நிற்கும். இரண்டு துளி தொட்டால் ஒன்றாகிவிடும். சட்டியும் இல்லை, மூடியும் இல்லை, ஆனாலும் எண்ணெய் தனியாக, ஆணம் தனியாக. நெக்ரி உடல்களும் அப்படித்தான். 'என்', 'பி' புரதங்களும் ஆர்.என்.ஏயும் சேர்ந்து குழியவுருவுக்குள்ளேயே தனித் துளியாகப் பிரிந்து நிற்கின்றன. வேண்டிய சாமான் எல்லாம் அந்தத் துளிக்குள் நெருக்கமாகச் சேர்ந்துவிடுகிறது. உள்ளே முத்திரை குத்தும் வேலை அவசர அவசரமாக நடக்கிறது. நம் வீட்டுக் குசினிக்குள்ளேயே சுவர் எழுப்பாமல் ஒரு கள்ளப் பட்டறை.

வைரசு நெக்ரியின் கண்ணுக்குத் தெரியவில்லை. அது போட்ட பட்டறை தெரிந்தது. அவர் கண்டது பிழையில்லை. கண்டதற்குச் சொன்ன விளக்கம்தான் பிழை.

*

பட்டறையில் செய்த சாமான்களைக் கோர்க்க வேண்டுமே. அது வேறிடத்தில் நடக்கிறது.

'ஜி' முள் மட்டும் மற்றப் புரதங்களோடு செய்யப்படுவதில்லை. அதைக் கலத்தின் சொந்த வழியிலேயே செய்து, கொல்கி உடல் வழியாக அனுப்பி, வெளி மென்சவ்வில் நட்டு வைக்கிறது கலம். கொல்கி உடல் என்று பாடத்தில் படம் வரைகிறோமே, அதைக் கண்டுபிடித்த கமில்லோ கொல்கியின் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தவர்தான் இந்த நெக்ரி. ஆசிரியர் கண்டதும் மாணவர் கண்டதும் ஒரே வைரசின் வேலையில் இரண்டு கட்டம் என்று இருவருக்கும் தெரியாது.

பட்டறைத் துளியிலிருந்து 'என்' போர்த்திய நூல்கள் வெளியே வந்து, நுண்குழாய்த் தண்டவாளம் வழியே மென்சவ்வை நோக்கிப் போகின்றன. அங்கே ஐந்தாவது புரதமான 'எம்' காத்திருக்கிறது. அது நீண்ட நூலை இறுக்கிச் சுருட்டி, துப்பாக்கி ரவை வடிவத்துக்குக் கொண்டுவருகிறது. பிறகு மென்சவ்வைத் தள்ளிக்கொண்டு வெளியே முளைக்கிறது. வெளியேறும்போது 'ஜி' முட்கள் நட்டிருக்கும் நம் கலத்தின் கொழுப்புத் தோலையே போர்த்துக்கொண்டு போகிறது. நம்முடைய உடுப்பை உடுத்திக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகும் கள்ளன்.

இவ்வளவும் நடந்தும் நரம்புக்கலம் உடனே சாவதில்லை. அதுதான் இந்த வைரசின் தந்திரம். 'பி' புரதத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. வைரசு புகுந்தால் கலம் எழுப்பும் அபாயச் சத்தத்தை, அந்த இன்ரபெரோன் சமிக்ஞையை, அது அமுக்கிவிடுகிறது. வீட்டுக்குள் கள்ளன், வாசலில் அமைதி. பக்கத்து வீட்டுக்கும் தெரியாது. ஒரு நரம்பிலிருந்து அடுத்த நரம்பு, முள்ளந்தண்டு, மூளை. மூளையிலிருந்து திரும்பவும் நரம்பு வழியாகவே உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கு வருகிறது. அங்கே ஏராளமாகப் பெருகி உமிழ்நீரில் கலக்கிறது. விழுங்க முடியாமல் தொண்டை இறுகுகிறது, நீர் வடிகிறது. அந்த நேரத்தில் கடித்தால் அடுத்த உடலுக்குப் பயணம்.

அந்தக் குட்டியின் தொண்டையில் முள் ஏதும் இல்லாமலும் இருந்திருக்கலாம்.

எபோலா, நிபா என்று செய்திகளில் வரும் வைரசுகளும் இதே மாதிரித் தலைகீழ் நூல் கொண்டவைதான். நிபா பழந்தின்னி வௌவால்களில் இருப்பது. 1998, 1999 ஆண்டுகளில் மலேசியாவில் பன்றிகள் வழியாக மனிதருக்கு வந்து நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அவையும் கலத்துக்குள் இப்படித் தனி இடம் அமைத்துத்தான் பெருகுகின்றன. ஆனால் அவற்றைவிட நம் வாசலுக்குக் கிட்ட நிற்பது விசர்நோய்.

*

இப்போது உம்மாவின் கேள்விக்கு வருவோம். ஒன்பதாம் நாள் அது எங்கே நின்றிருக்கும்?

அநேகமாக விரலிலேயே. அல்லது கை நரம்பில் எங்கோ. கடித்ததிலிருந்து நோய்க்குறி தோன்ற பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் எடுக்கும். சிலருக்கு ஒரு கிழமையிலும் வரலாம், சிலருக்கு ஒரு வருடமும் ஆகலாம். அந்த இடைவெளிதான் அல்லாஹ் நமக்குத் தந்திருக்கும் அவகாசம்.

காயத்தைச் சுற்றி ஏற்றியது தயார் நிலையில் உள்ள பிறபொருளெதிரி. நரம்புக்குள் ஏறாமல் வெளியே நிற்கும் வைரசின் 'ஜி' முள்ளைப் பிடித்து மூடிவிடும். கொளுக்கியில் மாட்ட முடியாது. கையில் ஏற்றிய தடுப்பூசியில் இருப்பது செத்த வைரசு. அதைப் பார்த்து உடல் தானே பிறபொருளெதிரி செய்யப் பழகும், அதற்குச் சில நாட்கள் வேண்டும். அந்தச் சில நாட்களுக்குக் காவல்தான் முதலாவது மருந்து. ஆனால் வைரசு மூளைக்குப் போய்ப் பட்டறை போட்டு, நோய்க்குறியும் தொடங்கிவிட்டால் இந்த மருந்துகளால் பலனில்லை. பிழைத்தவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி வருடத்துக்குச் சுமார் 59,000 பேர் இந்த நோயால் இறக்கிறார்கள். அதில் நூற்றுக்கு நாற்பது பேர் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள். நம் நாட்டில் 1973இல் 377 பேர் இறந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி, அரசாங்க வைத்தியசாலைகளில் இலவச மருந்து என்று பாடுபட்டு, அந்த எண் வருடத்துக்கு இருபது முப்பது என்ற அளவுக்குக் குறைந்திருக்கிறது. அந்த இருபது முப்பது பேரில் ஒருவர் நம் ஊர்ப் பிள்ளையாக இருக்கக்கூடாது.

எங்களுடைய தவறையும் சொல்ல வேண்டும். ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் எழுதிய குறிப்பில் "விசர்நாய்க்கடி: வைரசு: நாய்" என்று ஒரே வரிதான். அதே வரியைத்தான் இத்தனை வருடமும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்தோம். பெயரிலேயே நாய் இருக்கிறது. நம் ஊரில் நாய் என்றால் ஒதுங்கிப் போவோம், பட்டால் கழுவுவோம். பூனை மடியில் இருக்கும். பூனை கீறினால் யாரும் கவனிப்பதில்லை. உலகத்தில் மனிதருக்கு இந்த நோய் வருவது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாயால்தான் என்பது உண்மை. ஆனால் பூனை, கீரி, மாடு, எந்தப் பாலூட்டிக்கும் இது தொற்றும். ஒரு மிருகம் மார்க்கத்தில் சுத்தமானது என்பது வேறு, அதன் உமிழ்நீரில் வைரசு இல்லை என்பது வேறு. இரண்டையும் நாங்கள்தான் வகுப்பில் பிரித்துக் காட்டியிருக்க வேண்டும். அன்றைக்கு வகுப்போடு சேர்ந்து சிரித்ததை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அந்தப் பிள்ளை அந்தச் சிரிப்புக்குப் பயந்து இடைவேளையில் வராமல் விட்டிருந்தால்?

இனி, கடைசிப் பகுதி.

நாயோ பூனையோ வேறு மிருகமோ கடித்தால், கீறினால், காயத்தில் நக்கினால், முதல் வேலை குழாயடிக்குப் போவது. ஓடும் தண்ணீரில், சவர்க்காரம் போட்டு, 15 நிமிடம் கழுவ வேண்டும். மணிக்கூட்டைப் பார்த்து 15 நிமிடம். வைரசு போர்த்தியிருப்பது கொழுப்புத் தோல் என்று மேலே சொன்னோமே, சட்டியில் ஒட்டிய எண்ணெயைக் கழற்றும் அதே சவர்க்காரம் அந்தத் தோலையும் கழற்றிவிடும். தோல் போனால் முள்ளும் போய்விடும்.

மஞ்சள், சுண்ணாம்பு, எண்ணெய், மிளகாய்த்தூள், ஒன்றும் பூசாதீர்கள். நாய் பட்டால் மண் சேர்த்துக் கழுவும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. திறந்த காயத்துக்குள் மண்ணைப் போடாதீர்கள். சந்தேகமிருந்தால் முதலில் வைத்தியசாலை, பிறகு ஆலிமிடம் கேளுங்கள்.

ஓதிப் பார்ப்பவர்கள் ஓதுங்கள், எங்களுக்கு அதில் மறுப்பில்லை. ஓதிக்கொண்டே வைத்தியசாலைக்குப் போங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

நாள் பிந்திவிட்டது, இனிப் போய் என்ன என்று வீட்டில் இருக்காதீர்கள். பிந்தினாலும் போங்கள். சொன்ன திகதிகள் எல்லாவற்றுக்கும் போங்கள். முதல் ஊசியோடு நிறுத்தாதீர்கள்.

கடித்த மிருகம் செத்தால் தாட்டுவிட வேண்டாம். வெறுங்கையால் தொடவும் வேண்டாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். தலையைப் பனிக்கட்டியில் வைத்துப் பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பிப் பார்க்க வழி இருக்கிறது.

வீட்டில் பூனை இருந்தால் அதற்கும் தடுப்பூசி போடுங்கள். பூனையை விரட்டச் சொல்லி இதை எழுதவில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம், பிள்ளை வந்து "கடிச்சிட்டு" என்று சொன்னால் ஏசாதீர்கள். ஏச்சுக்குப் பயந்து மறைக்கிற பிள்ளையைத்தான் இந்த நோய் கொண்டுபோகிறது.

அந்தப் பிள்ளையின் அட்டையில் நான்கு திகதிகள் இருந்தன. முதல் நாள், 3ஆம் நாள், 7ஆம் நாள், கடைசி ஒன்று 30ஆம் நாள். நான்கும் முடிந்துவிட்டன. கடைசி ஊசிக்கு உம்மம்மாவும் போயிருக்கிறார். மாதங்கள் கடந்துவிட்டன, அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை சுகமாக இருக்கிறாள். குட்டிக்கு நோய் இருந்ததா என்பது முருங்கை மரத்தடி மண்ணோடு போய்விட்டது.

போன கிழமை தரம் 9க்கு வைரசு பற்றிச் சொல்லப் போனோம். பலகையில் நாயை வரையவில்லை. ஒரு பூனையை வரைந்துவிட்டு, "யாரையாவது எதாவது கடிச்சிருக்கா, கீறியிருக்கா? சும்மா சொல்லுங்க, யாரும் சிரிக்க மாட்டம்" என்று கேட்டோம். முதலில் ஒருவரும் அசையவில்லை. பிறகு ஒரு கை எழும்பியது. பிறகு இன்னும் மூன்று.

நான்கு பேரின் வீட்டுக்கும் அன்றே பேசினோம்.

இதை உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குறூப்பில் போடுங்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர்கள் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு இரண்டு நிமிடம் இதைச் சொல்ல முடிந்தால் நல்லது. எங்கள் எழுத்தில் பிழை இருந்தால் வைத்தியத் துறையில் உள்ள உறவுகள் திருத்திவிடுங்கள், பதிவை மாற்றிவிடுகிறோம்.